அந்துப்பூச்சிக்கு அட்ரஸ் யார் கொடுத்தது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை வாசிக்கத் தோதா கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு பூச்சிக் கதை. சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க தாராளமா கேட்கலாம், அருவருப்பா எதுவும் இல்ல.

குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சா தென்காசிப் பக்கம் ரெண்டு கூட்டம் வரும். ஒண்ணு அருவிக்கு. இன்னொண்ணு சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்கு. கேரளாவிலிருந்து கார் கார் ஆ வந்து, மஞ்சள் பூவுக்கு நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போவாங்க. சாயங்காலம் அவங்க கிளம்பினதும் மூணாவது ஒரு கூட்டம் வரும். அதை யாரும் போட்டோ எடுக்கிறதில்ல. இருட்டின பிறகு, எங்கிருந்தோ பறந்து வந்து, பூத்த செடியாப் பார்த்து உட்கார்ந்து, கடுகைவிடச் சின்னதா ஒரு முட்டை வைக்கும். அடுத்த செடிக்குப் போகும், அங்கே ஒண்ணு. இப்படியே சில ராத்திரிகள்ல ஐந்நூறு, ஆயிரம் முட்டைகூட வச்சிடும்.

இது ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. நம்ம ஊர்ல பச்சைக் காய்ப்புழுன்னு சொல்றது இதோட குழந்தையை. தக்காளியில ஓட்டை, துவரங்காயில ஓட்டை, பருத்திக் காயில ஓட்டை போடுறது அதுதான்.

என் கேள்வி ரொம்பச் சாதாரணமானது. ராத்திரியில, அவ்வளவு பச்சைக்கு நடுவுல, எந்தச் செடியில முட்டை வைக்கணும்னு அந்தத் தாய்க்கு எப்படித் தெரியுது? இந்தக் கேள்வியை மனுஷன் உருப்படியாக் கேட்க ஆரம்பிச்சே நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகுது. அதுக்கு முன்னாடி எல்லாரும் கேட்டது வேற கேள்வி: இந்தப் புழுவை எப்படிக் கொல்றது? கேள்வி எப்படி மாறிச்சு, மாறினதுல யாருக்கு என்ன கிடைச்சுதுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

செடியைப் பார்த்தவர்கள்

கதையைக் குற்றாலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். சுமார் 1800-ல கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்துல ஒரு வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டுச்சு. கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் கிழக்கே இருக்கிற தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்டாங்க. இந்தியாவுக்குள்ள கிராம்பு மரம் வந்த கதையே இங்கேதான் தொடங்குது. டச்சுக்காரங்க கையில இருந்த வியாபாரத்தைப் பிடுங்குறதுதான் நோக்கம். இந்த மரம் இந்த மலையில வளருமா, வளராதா? அவங்களுக்குத் தேவைப்பட்ட விடை அவ்வளவுதான்.

1830-கள்ல ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் பாளையங்கோட்டையில வேலை பார்த்தார். மருத்துவம் உத்தியோகம், தாவரவியல் பைத்தியம். குற்றாலம் மலையில ஏறி ஏறிச் செடி சேகரிச்சார். அவருக்காக ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு ஓவியர்கள் அந்தச் செடிகளை வரைஞ்சாங்க. தென்னிந்தியத் தாவரவியலுக்கு இன்னைக்கும் அந்தப் படங்கள் முக்கியம். ஆனா அதுல செடி தனியா நிக்கும். இலையில ஓட்டை இருக்காது, புழு இருக்காது.

செடியையும் புழுவையும் ஒரே தாள்ல வரையணும்னு அதுக்கு ரொம்ப முன்னாடியே நினைச்சது ஒரு பெண். மரியா சிபில்லா மேரியன். ஜெர்மனியில பிறந்தவர். 1679-ல வந்த புழுக்கள் பத்தின அவரோட புத்தகத்துல ஒவ்வொரு புழுவும் அது தின்கிற செடியோட சேர்த்துத்தான் இருக்கும். 1699-ல, ஐம்பது வயசை ஒட்டி, மகளைக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறி தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போனார். 1705-ல அந்தப் பயணத்தோட புத்தகம் வந்துச்சு. இந்தப் புழுவுக்கு இந்தச் செடின்னு ஒரு கணக்கு இருக்குங்கிறதை அவர் படமாக் காட்டிட்டார். அந்தக் கணக்கைப் போடுறது யார்னு கேட்க இன்னும் இருநூறு வருஷம் ஆச்சு.

கோயம்புத்தூர் பட்டியல்

நம்ம பக்கம் பூச்சிக்குன்னு அரசாங்கத்துல தனி ஆள் போட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துல. டி. பெயின்பிரிக் ஃப்ளெட்சர்னு ஒருத்தர். முன்னாள் கடற்படைக்காரர், சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள்ல கிறுக்குப் பிடிச்சவர். சென்னை மாகாணத்தோட பூச்சியியலாளரா இருந்து, 1914-ல தென்னிந்தியப் பூச்சிகள் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார். எது எந்தப் பயிரைத் தின்னும், எங்கெங்க இருக்குன்னு ஒரு டேட்டாபேஸ் மாதிரி போகும். அவருக்குப் பிறகு டி. வி. ராமகிருஷ்ண ஐயர், 1940-ல தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டைக் கொண்டுவந்தார். இன்னைக்கு வேளாண் கல்லூரியில படிக்கிறவங்க பாடத்துக்கு அதுதான் தாத்தா.

இதுக்கு நடுவுல 1919-ல ஒரு சட்டம் வந்துச்சு. சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச சட்டம். இதன் கீழே, அறுவடை முடிஞ்ச பருத்திச் செடியைக் குறிப்பிட்ட தேதிக்குள்ள பிடுங்கிடணும்னு விவசாயிக்கு உத்தரவு போட முடியும். ஏன்னு யோசிச்சுப் பாருங்க. பழைய செடி வயல்ல நின்னா, அடுத்த சாகுபடி வர்ற வரைக்கும் பூச்சிக்கு அது சத்திரம். செடியே இல்லாத ஒரு இடைவெளி இருந்தா, தாய்ப் பூச்சிக்கு முட்டை வைக்க இடம் கிடையாது. மருந்து எதுவும் தெளிக்காம, தாயோட தேர்வையே காலி பண்ற ஐடியா அது.

திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு இதெல்லாம் விளையாட்டு இல்ல. 'டின்னவெல்லி'ங்கிற பேர்ல உலகச் சந்தையில விலை பேசப்பட்ட பருத்தி அது. தென்காசி அப்போ திருநெல்வேலி ஜில்லா. தனி மாவட்டமானது 2019 நவம்பர்லதான். சங்கரன்கோவில் கரிசல்ல பருத்தி இன்னைக்கும் நிக்குது.

ஆனா கவனிங்க. பட்டியல் இருந்துச்சு, சட்டமும் இருந்துச்சு. 'ஏன் இந்தச் செடி'ங்கிறதுக்கு விடை மட்டும் இல்ல.

கடுகு வாசனை

விடையோட முதல் துண்டு 1910-ல ஆம்ஸ்டர்டாம்ல கிடைச்சுது. எட்வர்ட் வெர்ஷாஃபெல்ட்னு ஒரு தாவரவியலாளர். முட்டைக்கோஸ் தின்கிற வெள்ளை வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை வச்சு ஒரு சோதனை பண்ணார். முட்டைக்கோஸ், கடுகு, முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். எல்லாத்துலயும் அந்தக் காரநெடி இருக்கும். அந்த நெடிக்குக் காரணமான சினிக்ரின்ங்கிற பொருளை, புழு சாதாரணமாத் தொடவே தொடாத ஒரு இலையில தடவினார். புழு தின்னுடுச்சு.

புழு சத்தைத் தேடல, ஒரு அடையாளத்தைத் தேடுது. நம்ம தொழில்ல சொல்லணும்னா, அது டேட்டாவைப் படிக்கல, டோக்கனைத்தான் செக் பண்ணுது. டோக்கன் சரியா இருந்தா உள்ளே அனுமதி.

இதுல இருக்கிற வேடிக்கை என்னன்னா, அந்தக் கடுகு நெடியைச் செடி தயாரிக்கிறதே தன்னைத் தின்ன வர்றவங்களை விரட்டத்தான். 1959-ல காட்ஃப்ரீட் ஃப்ரேங்கல் இதை 'சயின்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரையாப் போட்டார். மியூனிக்ல பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல வேலை போய், லண்டன் வழியா அமெரிக்காவுக்குப் போனவர். செடிகள்ல இருக்கிற கசப்பு, காரம், நெடி எல்லாத்தையும் அதுவரைக்கும் பலபேர் வெறும் கழிவுன்னு நினைச்சிருந்தாங்க. ஃப்ரேங்கல் சொன்னது, அது ஆயுதம். பெரும்பாலான பூச்சிகளை அது விரட்டும். அதைத் தாங்கப் பழகிக்கிட்ட ஒண்ணு ரெண்டு பூச்சிக்கு மட்டும் அதே நெடி விலாசப் பலகை ஆயிடும். 1964-ல பால் எர்லிக், பீட்டர் ரேவன் ரெண்டு பேரும் இதை இன்னும் விரிச்சு, செடியும் பூச்சியும் கோடிக்கணக்கான வருஷமா ஒண்ணையொண்ணு துரத்திக்கிட்டே மாறி வந்திருக்குன்னு காட்டினாங்க.

நம்ம ஊர்ல இந்த வழியில நிறைய வேலை பார்த்தவர் டி. என். அனந்தகிருஷ்ணன். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரா இருந்தவர். சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்துல உட்கார்ந்து, பூச்சிக்கும் செடிக்கும் நடுவுல நடக்கிற வேதியியலை ஒரு தலைமுறை மாணவர்களுக்கே தொழிலாக் கத்துக்கொடுத்தார்.

ராத்திரி ஷிப்ட்

இப்போ அந்தத் தாயோட வேலையைப் படிப்படியாப் பார்ப்போம்.

முதல் படி, தூரத்து வாசனை. காத்துக்கு எதிரா பறக்கும். அந்துப்பூச்சியோட உணர்கொம்புல ஆயிரக்கணக்கான நுண்முடிகள் இருக்கு, ஒவ்வொண்ணும் சில வாசனைகளுக்குத்தான் சிலிர்க்கும். இலை விடுற பச்சை வாசனை, பூ விடுற இனிப்பு வாசனை, ரெண்டும் சேர்ந்து வர்ற விகிதம்தான் முகவரி. ஹெலிகோவெர்பாவுக்குப் பூத்த செடி ரொம்ப இஷ்டம். அதுக்குத் தேன் குடிக்கவும் பூ வேணும். ஒரே இடத்துல சாப்பாடும் ஆச்சு, பிரசவமும் ஆச்சு.

ரெண்டாவது படி, பார்வை. மங்கின வெளிச்சத்துலயும் உயரம், உருவம், பூவோட வெளுப்பு தெரியும்.

மூணாவது படி, உட்கார்ந்து ருசி பார்க்கிறது. நாக்கால இல்ல, காலால. பாதத்துல ருசி உணரும் முடிகள் இருக்கு. முட்டை வைக்கிற குழாயோட நுனியிலயும் இருக்கு. 2020-ல சீன ஆய்வாளர்கள் இன்னொண்ணைக் காட்டினாங்க. ஹெலிகோவெர்பா அசல்டாங்கிற ஒண்ணுவிட்ட சகோதரி, மிளகாய், புகையிலைக் குடும்பத்துச் செடிகளையே நம்பி இருக்கிறது. அதோட முட்டைக் குழாய் நுனியில ருசி மட்டும் இல்ல, வாசனை உணர்கிற ஏற்பியும் வேலை செய்யுது. வாலால மோந்து பார்க்குது!

நாலாவது படி, தொட்டுப் பார்க்கிறது. ஹெலிகோவெர்பாவுக்கு ரோமம் உள்ள இலை பிடிக்கும், முட்டை வழுக்காம ஒட்டும். அப்போ வழுவழு இலை உள்ள பருத்தி ரகம் போட்டா முட்டை குறையுமேன்னு கேட்பீங்க. குறையும். ஆனா ரோமம் இல்லாத பருத்தியைத் தத்துப்பூச்சி வந்து உறிஞ்சிடும். ஒரு பக்கம் சரி பண்ணா இன்னொரு பக்கம் உடையும். நம்ம எல்லாருக்கும் பழக்கமான திங்கட்கிழமைதான் இது.

இவ்வளவு சோதனை எதுக்கு? முட்டையிலிருந்து வர்ற புழு ஒண்ணரை மில்லிமீட்டர்தான். அது நடந்து போய் வேற நல்ல செடியைத் தேட முடியாது. தாய் எங்க வச்சதோ அதுதான் அதோட உலகம்.

பாவூர்சத்திரம் பக்கம் தக்காளி போடுற எங்க சித்தப்பாகிட்ட இந்தக் காலால ருசி பார்க்கிற விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரல. "ஏலே, அதுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது பாத்துக்க. நாத்து நின்னா வராது. பூ எறங்கட்டும், மறுநாள் வந்து நிக்கும்லா" அப்படின்னார். பூச்சியியல் ஐம்பது வருஷமா எழுதினதை ரெண்டு வரியில முடிச்சிட்டார்.

மிளகாய், தக்காளி, மக்காச்சோளம்

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா பழைய உலகத்துப் பூச்சி. ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. அதோட பழைய சாப்பாடு துவரை, கொண்டைக்கடலை, சோளம், நம்ம பருத்தி. ஆனா தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. மிளகாயும் மக்காச்சோளமும் சூரியகாந்தியும் அங்கிருந்து வந்ததுதான். கொலம்பஸுக்குப் பிறகுதான் இதெல்லாம் கடல் தாண்டுச்சு. சூரியகாந்தி எண்ணெய்ப் பயிரா இந்தியாவுக்கு வந்தது 1969-ல, அதுவும் சோவியத் யூனியன் வழியா. அப்படின்னா இந்தப் பூச்சி தன் முன்னோர் யாருமே பார்க்காத செடியை எப்படி 'இது நம்ம வீடு'ன்னு முடிவு பண்ணுச்சு?

இதுக்கு ஒரு நல்ல உவமை நம்ம மொழியிலயே இருக்கு. புதுச் செடி வந்தப்போ தமிழ் என்ன பண்ணுச்சு? காரமா இருந்துச்சு, மிளகு மாதிரி. மிளகாய்னு பேர் வச்சுது. மணத்தக்காளி மாதிரிக் கொத்துல சதைப்பழம் தொங்குச்சு. தக்காளிங்கிற பழைய பேரைத் தூக்கிப் புதுசுக்குக் கொடுத்துச்சு. கதிரைப் பார்த்துச்சு, சோளம் மாதிரி இருந்துச்சு. மக்கான்னு ஒரு அடைமொழி சேர்த்து மக்காச்சோளம் ஆக்கிச்சு. தெரிஞ்ச அடையாளத்தை வச்சுத் தெரியாததை அடையாளம் கண்டோம்.

பூச்சியும் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணுச்சு. ஹெலிகோவெர்பா ஒரே குடும்பத்துச் செடியை நம்பி வாழுற பூச்சி இல்ல. இந்தியாவுல மட்டும் 180-க்கும் மேற்பட்ட செடி வகைகள்ல அதைப் பார்த்திருக்காங்க. இப்படிப்பட்ட பூச்சி ஒரே ஒரு டோக்கனைத் தேடுறதில்ல. பல செடிகளுக்குப் பொதுவான பூ வாசனை, இளசான திசு, ரோமம் இதையெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பார்க்குது. தக்காளி அந்தக் கணக்குல பாஸ் ஆயிடுச்சு.

எதிர்த் திசையிலயும் கதை நடந்துச்சு. 1917-ல எட்வர்ட் மெய்ரிக்னு இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர், பெரு நாட்டிலிருந்து வந்த ஒரு குட்டி அந்துப்பூச்சிக்குப் பேர் வச்சார். நம்ம தென்னைக் கருந்தலைப்புழுவோட அந்துப்பூச்சிக்கும் 1905-லேயே ஒரு பேர் வச்சவர் அவர்தான். பெருவிலிருந்து வந்த அந்தப் பூச்சிதான் டூட்டா அப்சொலூட்டா. தக்காளியும் தென் அமெரிக்கா, அதுவும் தென் அமெரிக்கா. தக்காளி மட்டும் முன்னாடியே கப்பலேறிடுச்சு. நூற்றாண்டுகள் கழிச்சு 2014-ல இந்தப் பூச்சி மகாராஷ்டிராவுல வந்து இறங்குச்சு. தக்காளி ஊரெல்லாம் ரெடியா நின்னுச்சு, தேடவே வேண்டியதில்ல. 2018-ல கர்நாடகாவுல அமெரிக்கப் படைப்புழு வந்தப்போ மக்காச்சோளத்துக்கும் இதே கதி. அதே வருஷமே தமிழ்நாட்டு மானாவாரிக் காடுகளுக்கும் வந்துடுச்சு. பதிலுக்கு நம்ம ஹெலிகோவெர்பா 2013-ல பிரேசில்ல பதிவாச்சு. கணக்கு சரியாப் போச்சுன்னு யாரும் சந்தோஷப்படல.

மருந்தா, பொறியா

1980-கள்ல செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் வந்துச்சு. அடிச்ச மறுநாள் வயல் சுத்தம். ஆந்திரப் பருத்தி விவசாயிகள் அடிச்சாங்க, மறுபடி அடிச்சாங்க, அளவைக் கூட்டினாங்க. 1987-ல ஹெலிகோவெர்பா அந்த மருந்துக்குச் சாகல. கடன் வாங்கி மருந்து அடிச்ச பருத்தி போச்சு, அந்தச் சீசன்ல விவசாயிகள் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. புழுவைக் கொல்றதுங்கிற ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்ததோட விலை அது.

இதுக்கு நடுவுல இனக்கவர்ச்சிப் பொறி வந்திருந்துச்சு. 1959-ல அடால்ஃப் புட்டெனான்ட் ஐந்து லட்சம் பட்டுப் பூச்சிகளிலிருந்து பெண் பூச்சியோட வாசனைப் பொருளைப் பிரிச்செடுத்ததுலதான் இது ஆரம்பம். வயல்ல தொங்குற அந்தப் பிளாஸ்டிக் பை பார்த்திருப்பீங்க. நல்ல கருவிதான். பூச்சி எப்போ வருதுன்னு சொல்லும். ஆனா அதுல மாட்டுறது ஆண். முட்டை வைக்கிறவள் பக்கத்துச் செடியில தன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருப்பா.

தாயைப் பிடிக்கணும்னா அவளோட தேர்வைப் பிடிக்கணும். பெங்களூரு ஹெசரகட்டாவுல இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1994-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை கேந்தி. செண்டுமல்லின்னு வடக்கே சொல்றதை நாங்க கேந்தின்னுதான் சொல்லுவோம். தக்காளி நாத்துக்கு 25 நாள் வயசு, கேந்தி நாத்துக்கு 45 நாள் வயசு, ரெண்டையும் ஒரே நாள்ல நடணும். அந்த இருபது நாள் வித்தியாசம்தான் விஷயமே. தக்காளி பூக்கிற நேரத்துல கேந்தியும் மொட்டும் பூவுமா நிக்கணும். தாய்க்கு ரெண்டும் முன்னாடி இருந்தா கேந்தியைத் தேடித்தான் போகும். முட்டையெல்லாம் ஒரே வரிசையில விழும். அந்த ஒரு வரிசையை மட்டும் கவனிச்சா போதும். செக்யூரிட்டி டீம்ல இருக்கிறவங்களுக்கு இது தெரியும். ஹனிபாட். தாக்க வர்றவனுக்குன்னே ஆசை காட்டி வைக்கிற போலி சர்வர்.

நம்ம வேளாண் துறை இதைப் பொறிப்பயிர்னு சொல்லும். நிலக்கடலைக்கு வரப்போரம் ஆமணக்கு நடச் சொல்றதும் இதே கணக்கு. அங்கே வர்றது புகையிலை வெட்டுப்புழுவோட தாய். அது முட்டையை நூத்துக்கணக்குல ஒரே குவியலா வச்சு மேல ரோமத்தால மூடும். ஆமணக்கு இலை பெருசு. குவியல் கண்ணுக்குத் தெரியும், இலையோட கிள்ளி எறியலாம்.

ஆப்பிரிக்காவுல இதை இன்னும் ஒரு படி மேல கொண்டுபோனாங்க. கென்யாவுல 1990-கள்ல சையவுர் கான், ஜான் பிக்கெட் குழு, மக்காச்சோளத்துக்கு நடுவுல டெஸ்மோடியம்னு ஒரு பயறு வகைச் செடி வச்சாங்க. அதோட வாசனை தண்டுத் துளைப்பான் தாயை விரட்டும். வயலைச் சுத்தி நேப்பியர் புல் வச்சாங்க, அதோட வாசனை இழுக்கும். உள்ளே தள்ளு, வெளியே இழு. மாடு வச்சிருக்கிற நம்ம ஊர்க்காரங்களுக்கு நேப்பியர் தெரியும். தாய் ஆசையா அதுல முட்டை வைக்கும். ஆனா புழு தண்டைத் துளைச்சா புல் பிசுபிசுன்னு ஒரு கோந்து விடும். பெரும்பாலான புழு செத்துடும்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியுமா?

இங்கே ஒரு சிக்கலைக் கவனிச்சீங்களா? குழந்தை சாகிற செடியில தாய் ஏன் முட்டை வைக்குது?

பூச்சியியல்ல 'அம்மாவுக்குத் தெரியும்'னு ஒரு கருதுகோளே உண்டு. குழந்தை எதுல நல்லா வளருமோ அதைத்தான் தாய் தேர்ந்தெடுக்கும்னு. பல இடத்துல சரி. பல இடத்துல தப்பு. தாய் பார்க்கிறது செடியை இல்ல, செடியோட சிக்னலை. சிக்னலும் நிஜமும் ஒத்துப்போற வரைக்கும் அம்மாவுக்குத் தெரியும். மனுஷன் ரெண்டையும் பிரிச்சு வச்சா அவள் ஏமாறுவாள். பொறிப்பயிர் முழுக்க இந்த இடைவெளியில நிக்குது.

அப்போ பூச்சி அனுபவத்துல கத்துக்காதா? 1916 வாக்குல ஹாப்கின்ஸ்னு ஒரு அமெரிக்கர் சொன்னார், புழுவா இருந்தப்போ எதைத் தின்னு வளர்ந்ததோ அந்தச் செடியையே தாயானதும் தேடும்னு. கேட்க அழகா இருக்கு, அம்மா கைச் சாப்பாட்டு ஏக்கம் மாதிரி. ஆனா சோதிச்சப்போ பெரும்பாலும் நிக்கல. கூட்டுப்புழுவுக்குள்ள உடம்பு பெரும்பகுதி கரைஞ்சு புதுசாக் கட்டப்படுதே, ஞாபகம் எங்க இருக்கும்னு கேட்டாங்க. 2008-ல ஒரு ஆய்வு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுச்சு. கடைசிப் பருவத்துல இருக்கிற புகையிலைப் புழுவுக்கு ஒரு வாசனையோட சேர்த்து லேசான ஷாக் கொடுத்தாங்க. அது அந்துப்பூச்சியா மாறின பிறகும் அந்த வாசனையைத் தவிர்த்துச்சு. பிறகு ஆப்பிரிக்கப் பருத்தி இலைப்புழுவை வச்சு நடந்த ஆய்வுகள்ல, புழுப்பருவத்துச் சாப்பாடு தாயோட தேர்வை ஓரளவு மாத்தும்னு தெரிஞ்சுது. ஹாப்கின்ஸ் முழுக்கச் சரியில்ல, முழுக்கத் தப்பும் இல்ல.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. பிடி பருத்தியை எடுத்துக்கோங்க. 2002 மார்ச்ல இந்தியாவுல அனுமதி கிடைச்சுது. செடிக்குள்ளயே புழுவைக் கொல்ற புரதம். தாய் பொதுவா பிடி செடியையும் சாதாரணச் செடியையும் பிரிச்சுப் பார்க்கிறதில்ல, ரெண்டுலயும் முட்டை வைக்கும். அதனாலதான் 450 கிராம் பிடி விதைப் பாக்கெட்டோட 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்தாங்க. ஓரத்துல அதை விதைச்சா, எதிர்ப்புத் தன்மை இல்லாத பூச்சியும் கொஞ்சம் உயிரோட வளரும், எதிர்ப்புள்ளதோட கலக்கும், எதிர்ப்பு பரவுறது தாமதமாகும். நல்ல டிசைன். ஆனா ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவர்கிட்ட, 'புழு தின்கிறதுக்குன்னு ஒரு பங்கு நிலம் விடுங்க'ன்னு சொல்றோம். நிறைய பேர் விதைக்கல. 2010-ல குஜராத்துல இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி பருத்தியைத் தாங்கிடுச்சுங்கிற செய்தி வந்துச்சு. விவசாயியைத் திட்டுறது சுலபம். அந்தச் சின்னப் பாக்கெட் எதுக்குன்னு அவருக்குப் புரியும்படி யார் சொன்னாங்கங்கிறதுதான் என் கேள்வி.

இதை யார் விற்பாங்க?

இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போ ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மருந்துக்கு ஒரு பாட்டில் இருக்கு, பாட்டிலுக்கு ஒரு விலை இருக்கு, கடையில அதை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இருக்கார். புழு விழுந்த இலையைக் கொண்டு போய்க் காட்டினா, கையில ஏதாவது ஒண்ணைக் கொடுத்துத்தான் அனுப்புவாங்க. 'இருபது நாள் முன்னாடியே கேந்தி விதைச்சிருக்கணும்'ங்கிற அறிவுக்குப் பாட்டில் கிடையாது. அது தேவைப்படுறது புழு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அப்போ விவசாயி யாரையும் போய்க் கேட்கிறதில்ல, யாரும் வந்து சொல்றதும் இல்ல.

சித்தப்பாகிட்டயே கேட்டேன், பதினாறுக்கு ஒண்ணு கேந்தி வைக்கலாமேன்னு. "வைக்கலாம்லே. ஆனா பக்கத்து வயக்காரன் வைக்கலைன்னா அவன் வயல்ல வளந்த பூச்சி எங்கிட்டதான வரும்? அவன் அடிக்க அடிக்க நானும் அடிக்கணும்." மறுபடி ரெண்டு வரி. பூச்சிக்கு வரப்பு தெரியாது. 1919 சட்டம் போட்டவங்களுக்கு அது புரிஞ்சிருந்துச்சு. ஊர் முழுக்க ஒரே தேதியில பருத்தியைப் பிடுங்கினாத்தான் பலன்னு தெரிஞ்சுதான் உத்தரவுன்னே போட்டாங்க. மிரட்டிச் செய்ய வச்சதை இன்னைக்குப் பேசிச் செய்ய வைக்கணும். அதுதான் கஷ்டம்.

ஆனா நடக்கவே நடக்காததும் இல்ல. கேந்திக்கு நம்ம பக்கம் சந்தை இருக்கு. ஓணம் சமயத்துல கேரளாவுக்குப் பூ போகுது. பொறிப்பயிரே கொஞ்சம் காசும் கொடுத்தா, பக்கத்து வயக்காரரும் யோசிப்பார். புழு விழுந்த பூ விலை போகாதுங்கிற சிக்கல் இருக்கு, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும். கணக்குப் போட வேண்டிய இடம் ஆய்வுக்கூடம் மட்டும் இல்ல, ஊர்ச் சாவடியும்தான்.

நம்மள்ல பாதிப் பேர் வீட்டுல இன்னும் யாரோ ஒருத்தர் நிலத்துல நிக்கிறார். அடுத்த தடவை ஊருக்குப் போன் பண்ணும்போது 'என்ன மருந்து அடிக்கிறீங்க'ன்னு கேட்காதீங்க. 'பூச்சி எந்தச் செடிக்கு முதல்ல வருது, எப்போ வருது'ன்னு கேளுங்க. அவங்க சொல்றதை எழுதி எங்களுக்கு அனுப்புங்க, ஊர்ப் பேரோட. அடுத்த எபிசோடுல அதையெல்லாம் வாசிக்கலாம்.

அதுவரைக்கும், பத்திரமா இருங்க.